நைனாவின் முனகல்

பெங்களூரு,
8-1-2024

பரிமளாவுக்கு தானியேல் எழுதுவது.

இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம் அப்படி. தேவகியும் பெண்கள் இருவரும் சுகம். நீயும் ஷீபாவும் சுகம்தானே?

நாலு வருஷம் கழித்து இவனுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பாய். உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் என் நாக்கு அழுகட்டும் என்று நைனாவின் சவப்பெட்டி மேல் கை வைத்து ஊரார் முன்னால் சொன்னவன் நான். நீ மட்டும் விட்டாயா? அதே பெட்டி மேல் கை வைத்து அதையே திருப்பிச் சொன்னாய். சத்தியம் நாக்குக்குத்தானே, கைக்கு இல்லையே. அதனால் எழுதுகிறேன். போன் செய்யமாட்டேன், நீயும் செய்யாதே.

தீபாவளி முடிந்த வாரம் பட்டறையில் வெல்டிங் வேலையில் இருந்தபோது மூத்திரம் போனேன். செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரிப் போனது. நைனாவுக்கு எப்படிப் போனது என்று உனக்கே தெரியும். பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இடது கிட்னியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி என்று ஸ்கேனில் வந்தது.

இங்கே டாக்டர் சசிரேகா என்று ஒரு அம்மா பார்க்கிறார். சட்டையைக் கழற்றச் சொன்னவர் முதுகில் இருக்கிற தடிப்புகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நைனா முதுகில் பருப்புப் பருப்பாக இருக்குமே, பனிக்காலத்தில் தொட்டால் துடித்துப்போவாரே, அதேதான். அதில் ஒன்றைக் கீறி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். "உங்க குடும்பத்துல வேற யாருக்கு இருக்கு?" என்று கேட்டார். நைனாவைச் சொன்னேன். உனக்கு இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

டாக்டர் கேட்டதால்தான் எழுதுகிறேன். மறைக்காமல் எழுது.

தானியேல்


காவாந்தண்டலம்,
20-1-2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி தானியேலுக்கு, பரிமளா எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இங்கு நானும் ஷீபாவும் சுகம். உன் சுகத்துக்காக இரவும் பகலும் முழங்காலில் நிற்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் பாஸ்டரிடம் ஓடினேன். கோயிலில் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். என்ன வியாதி என்று பாஸ்டர் கேட்டார். கல்லடைப்பு என்று சொல்லிவைத்தேன். கர்த்தருக்கு எது என்று தெரியும், பாஸ்டருக்கு எதற்கு?

எனக்கு ஒன்றும் இல்லையடா. நான் இரும்பு. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு வடித்து அண்டாவை ஒண்டியாளாக இறக்கி வைக்கிறேன். முதுகில் நாலைந்து தடிப்பு கிடக்கிறது. நைனா பெற்ற பிள்ளைக்கு நைனா முதுகு இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரன் முதுகா வரும்?

ஷீபாவுக்கு இடம் கூடிவந்திருக்கிறது. சாலவாக்கத்துப் பையன், வசந்த்குமார் என்று பேர், டிராக்டர் கம்பெனியில் மெக்கானிக். லெந்து உபவாச காலத்தில் தாலி கட்டக் கூடாது என்பதால் ஈஸ்டர் கழித்து வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். இங்கே தும்மினால் சாலவாக்கத்தில் கஷாயம் வைக்கிற சனங்கள் இவர்கள். பரம்பரை வியாதி என்று காதில் விழுந்தால் தாம்பூலத்தட்டு திரும்பிவந்துவிடும். அவளுக்கும் கையில் ரெண்டு தடிப்பு இருக்கிறது. ஷீபாவிடம் நீயோ தேவகியோ இதைப்பற்றி மூச்சு விடக்கூடாது. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதை நினைத்துக்கொள்.

இன்னொன்று, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல. நைனா வந்திருக்கிறார். கடைசி நாட்களில் பின்பக்கத்துக் கக்கூஸிலேயே கிடந்தாரே, அங்கேதான். விடிகாலையில் முதல் பஸ் போகிற நேரத்துக்கு முனகல் கேட்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து முனகுவாரே, அதே குரல். விசுவாசிகள் பேய் என்று சொல்லக்கூடாது. நான் பேய் என்று சொல்லவில்லை, நைனா என்றுதான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெண்களுக்கு என் முத்தம்.

உன் அக்கா
பரிமளா


பெங்களூரு,
2-2-2024

பரிமளாவுக்கு தானியேல் எழுதுவது. பெண்கள் சுகம். தேவகி அழுதுகொண்டே சுகமாக இருக்கிறாள்.

முடிவு வந்துவிட்டது. முதுகுத் தடிப்பு, கிட்னிக் கட்டி, எல்லாம் ஒரே வேரில் முளைத்ததாம். ரத்தத்தில் ஒரு ஜீன் பழுது. நைனாவிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. ரொம்ப அபூர்வமாம். டாக்டரம்மா இத்தனை வருஷ சர்வீஸில் என்னோடு சேர்த்து இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறார். இதற்காகவாவது எனக்கு ஒரு மாலை போடலாம்.

கேலி போகட்டும், இதைக் கவனமாகப் படி. மற்ற கிட்னிக் கட்டி சின்னதாக இருந்தால் அடிக்கடி படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். இது அந்த ஜாதி இல்லை. கடலை அளவு இருக்கும்போதே ஓடிப்போய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கண்ணில் பட்டதும் வெட்டிவிட வேண்டும். எனக்கு இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன். விலாவுக்குக் கீழே திறந்து கிட்னியை முழுசாக எடுத்துவிட்டு, சுற்றியிருக்கிற நெறிக்கட்டிகளையும் வழித்து எடுப்பார்கள். இன்னும் பரவவில்லை, பிழைத்துக்கொள்வேன் என்று டாக்டர் சொல்கிறார்.

இந்த வேர் பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் கட்டி வைக்குமாம். ஷீபா பிறந்த கொஞ்ச வருஷத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் உனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களே, அதைச் சொன்னேன். "அப்ப அவங்களுக்கும் இருக்குன்னே வெச்சுக்கங்க, உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

உடனே என்றால் உடனே. நைனா முனகுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் முனகியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் ஜெபவீட்டில் உபவாசத்துக்குப் படுக்க வைத்தவள் நீ. இந்த முறையாவது ஆஸ்பத்திரிக்குப் போ.

தானியேல்


காவாந்தண்டலம்,
26-2-2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, பரிமளா எழுதிக்கொண்டது. இங்கு சுகம். உனக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க லெந்து நாட்களில் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிறேன். ஷீபா திட்டுகிறாள்.

காஞ்சிபுரம் போய் ஸ்கேன் எடுத்துவிட்டேன். வசந்த்குமார் வீட்டார் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முக்காடு போட்டுக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் பாய் வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் ஸ்கேன் ஸ்கேன் என்று எழுதி என் உயிரை எடுக்காதே.

நைனா இப்போது பகலிலும் வருகிறார். நேற்று பால்வாடியிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போதே கேட்டது. கக்கூஸ் தரையில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்கிறேன். அவர் இருந்த அடையாளம் போகமாட்டேன் என்கிறது.

உன் டாக்டரிடம் ஒன்று கேட்டு எழுதுகிறாயா? நைனாவுக்கும் அப்போதே வெட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேண்டாம், கேட்காதே. நீ முதலில் எழுந்து உட்கார்.

உன் அக்கா
பரிமளா


பெங்களூரு,
20-3-2024

பரிமளாவுக்கு தானியேல் எழுதுவது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீயும் ஷீபாவும் சுகம்தானே?

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மத்தியானம்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். மயக்கம் தெளிந்தபோது விலாவில் யாரோ டிராக்டர் ஓட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. மூக்கில் ஒரு குழாய், வயிற்றோரம் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். மூத்திரப் பையைப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் சுத்தமாக இறங்கியது. அதைப் பார்த்து அழுதேன், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்ததில் கட்டி கிட்னியைத் தாண்டவில்லை. நெறிக்கட்டிகளிலும் ஒன்றும் இல்லை. இனி ஆயுசுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும்.

பெண்களுக்கும் ரத்தம் சோதித்தார்கள். சின்னவளுக்கு இல்லை. பெரியவளுக்கு இருக்கிறது. அவளை உட்கார வைத்து நானே சொன்னேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு விளையாடப் போய்விட்டாள். உனக்கு இருக்கிறதென்றால் ஷீபாவுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பூவா தலையா மாதிரிதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளை ஒருவனுக்குக் கட்டி அனுப்புவது நியாயமா?

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பிழைத்திருப்பார். நான் பிழைத்திருக்கிறேனே, அவர் ஏன் பிழைத்திருக்க மாட்டார்? மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வண்டியோடு வந்து நின்றேன். "ஈஸ்டர் போவட்டும், கர்த்தர் சுகம் தருவார்" என்று வாசலில் கையை விரித்து மறித்தவள் நீ. ஈஸ்டரும் போனது, நைனாவும் போனார்.

ஸ்கேன் படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு. டாக்டர் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

தானியேல்


காவாந்தண்டலம்,
5-4-2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, பரிமளா எழுதிக்கொண்டது. உயிர்த்தெழுந்த கர்த்தர் உன்னையும் எழுப்பிவிட்டார். இங்கு சுகம்.

நீ எழுதிய பதிலைப் படித்தேன். நான் கேட்டேன், நீ சொன்னாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஸ்கேன் படத்தைப் பரண்மேல் வைத்திருந்தேன், எலி கடித்துவிட்டது. ஒன்றும் இல்லாத படத்தில் எலிக்கு என்ன கிடைத்ததோ.

கல்யாணப் பத்திரிகை இதற்குள் வைத்திருக்கிறேன். தாய்மாமன் இல்லாமல் மேடை வெறிச்சென்று இருக்கும். வா. ஆனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. வெயிலாக இருக்கிறது என்று பந்தலில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருகிற ஆள் நீ. ஆபரேஷன் என்று யாராவது கேட்டால் கல்லடைப்பு என்று சொல். ஷீபாவுக்கும் முழங்கைக்குக் கீழே வருகிற மாதிரிதான் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து அவள் அந்த வீட்டில் காலூன்றட்டும். அப்புறம் நீ தமுக்கு அடித்துச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

இப்போது ஷீபாவுக்கும் நைனா குரல் கேட்கிறது. "இன்னாமா அது, தாத்தா மாதிரியே கீது" என்று பயந்துபோய்க் கேட்டாள். தாத்தாதான், கல்யாணம் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

உன் அக்கா
பரிமளா


பெங்களூரு,
22-4-2024

பரிமளாவுக்கு தானியேல் எழுதுவது. இங்கு சுகம். தையல் ஆறிவிட்டது.

நான் வரவில்லை. தேவகியையும் அனுப்பவில்லை. இந்த உடம்பை மூடிக்கொண்டு வந்து நின்று, கல்லடைப்பு என்று பொய் சொல்லிப் பந்தியில் உட்கார என்னால் ஆகாது. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு விலாசம் இருக்கிறது. அவர்களுக்கே எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று நீ எழுதியது கையைப் பிடித்துக்கொண்டது.

எலி கதையை நான் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்ய? நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பத்தான் எனக்கும் ஆசையாக இருக்கிறது. இன்னொரு முறை எடுத்து அனுப்பு. முதல் தடவையாகக் கெஞ்சுகிறேன்.

ஷீபாவுக்கு என் ஆசீர்வாதம் சொல்.

தானியேல்


காவாந்தண்டலம்,
3-6-2024

தம்பிக்கு, பரிமளா. சுகம்.

கல்யாணம் நடந்துவிட்டது. நீ வராததற்கு ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள், நானும் ஆளாளுக்கு ஒன்று சொன்னேன். ஷீபா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், எனக்கு அது போதும். மாப்பிள்ளை தங்கமான பையன். பந்தியில் எல்லோருக்கும் அவனே தண்ணீர் ஊற்றினான்.

வீட்டில் நானும் நைனாவும்தான். அவர் இப்போது ஓய்வதே இல்லை.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. கல்யாண அலைச்சல்.

பரிமளா


சென்னை,
2-7-2024

அன்புள்ள மாமாவுக்கு ஷீபா எழுதுவது. நீங்களும் அத்தையும் தங்கைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் அழுதுகொண்டே சொல்லி முடித்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

போன வாரம் அம்மாவைப் பார்க்க வசந்தோடு ஊருக்குப் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது, அம்மாவைக் காணோம். பின்பக்கத்தில் தாத்தா முனகினார். மாமா, எனக்கு அந்தக் குரல் பழகிவிட்டது. முன்பெல்லாம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு வசந்த் கூட இருந்ததால் துணிச்சலாகப் போய்த் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வசந்த் கதவை உதைத்துத் திறந்தார். அம்மா தரையில் கிடந்தாள். தரையெல்லாம் ரத்தக்கட்டி. அத்தனை மாதமாக முனகியது அம்மாதான் மாமா. நான் எழுந்து போனால் பார்த்துவிடுவேன் என்று தாத்தா பேரைச் சொல்லி என்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே இங்கே சென்னை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தோம். வலது கிட்னியில் கட்டி. கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டதாம். கத்தி வைக்க முடியாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

அம்மா காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தது உண்மைதான். அப்போது கட்டி நெல்லிக்காய் அளவு இருந்ததாம். உடனே சேருங்கள், எடுத்துவிடலாம் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டர் கழித்து, கல்யாணம் கழித்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னைத் திட்டாதீர்கள். உங்கள் முதல் இரண்டு கடிதத்தையும் நான்தான் முதலில் பிரித்துப் படித்தேன். சோற்றுப் பருக்கையைத் தடவி ஒட்டி வைத்தேன். இரண்டாவதைப் படித்த அன்றைக்கே வசந்திடம் சொன்னேன், கல்யாணம் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். "எங்கம்மாவ சக்கரைக்கு மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். உன்னை வருசத்துக்கு ஒருதபா இட்டுக்கினு போறது பேஜாரா?" என்று சிரித்தார். என்னைக் கூட்டிப்போய் ரத்தம் சோதிக்கக் கொடுக்க வைத்தார். எனக்கும் ஜீன் இருக்கிறது, கிட்னியில் ஒன்றும் இல்லை. அவர் அம்மாவுக்கும் தெரியும். என் அம்மா யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்ததெல்லாம் சாலவாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும் மாமா.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எனக்காக மறைப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். "நீ ஸ்கேன் எடுத்தியாமா?" என்று மட்டும் உங்கள் கல்லடைப்புப் பேச்சைச் சாக்கு வைத்துக் கேட்டேன். "படத்த உங்க மாமனுக்கு அனுப்பினேன், அவன் டாக்டரே பாத்துட்டு ஒன்னும் இல்லன்னு சொல்ட்டாங்க" என்றாள். உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஏன் போகவில்லை என்று நேற்று கேட்டேன். என் கல்யாணம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "வெட்டினா பொயச்சிக்கலாம்னு உன் மாமன் எயுதினான். நான் வெட்டிக்கினு பொயச்சேன்னு வெய்யி, அப்போ நைனாவ யாரு சாவடிச்சது?" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதைக் கூரியரில் போடுகிறேன். நாளை மறுநாள் நான் போன் போட்டு அம்மா காதில் வைக்கிறேன். தயவுசெய்து பேசுங்கள் மாமா.

உங்கள்
ஷீபா


பெங்களூரு,
4-7-2024

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்று ஷீபா போனை உன் காதில் வைத்தபோது மறுமுனையில் இருந்தது நான்தான். நீ மூச்சு விடுவது கேட்டது. நாலு வருஷமாக மனதுக்குள் உன்னோடு எத்தனை பேசியிருக்கிறேன் தெரியுமா, அத்தனையும் சண்டை. நல்ல வார்த்தை ஒன்று தேவைப்பட்டபோது கையிருப்பில் இல்லை. "தானியேலு, நைனாவ நான் சாவடிக்கலடா. பயந்துட்டேன்டா" என்று நீ சொன்னாய். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதற்குள் நர்ஸ் வந்து போனை வாங்கிவிட்டார்.

மார்ச் மாதம் உனக்குப் பிழைத்திருப்பார் என்று எழுதினேனே, அது நான் யாரையும் கேட்காமல் எழுதியது. வலியிலும் கோபத்திலும் எழுதியது. இன்றைக்கு மத்தியானம் டாக்டர் சசிரேகாவைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். மெட்ராஸுக்குக் கூட்டிப்போக என்று அப்போது வாங்கி வைத்திருந்த, ஊர் டாக்டர் எழுதிய நைனாவின் பழைய சீட்டுகளைத் தேவகி பத்திரமாக வைத்திருந்தாள். அதையும் காட்டினேன். நெடுநேரம் படித்துவிட்டு, முதல் தடவை ரத்தம் போனபோதே அவருக்கு எலும்பில் வலி இருந்திருக்கிறதே என்றார். நான் வண்டி கொண்டுவந்த நாளில் கூட்டிப்போயிருந்தாலும் கத்தி வைத்திருக்க மாட்டார்களாம். ஒருவேளை இன்னும் சில மாதங்கள் இருந்திருப்பார், அவ்வளவுதான் என்றார்.

இந்த ஒரு கேள்வியை நீ கேட்டபோதே நான் கேட்டிருக்க வேண்டும். கட்டி நெல்லிக்காயாக இருந்தபோதே நீ ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருப்பாய்.

அக்கா, நைனாவை நீ சாகடிக்கவில்லை. நான் சொன்னது பொய். இதைத் தபாலில் போட்டால் என்னைவிடப் பிந்தி வரும். அதனால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே படித்துக் காட்டுகிறேன். ஷீபாவிடம், அம்மாவுக்கு நீ சொல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான்தான் சொல்ல வேண்டும்.

பஸ் இங்கிருந்து ராத்திரிதான் புறப்படுகிறது. விடிந்ததும் வந்துவிடுவேன். அதுவரைக்கும் இரு.

உன் தம்பி
தானியேல்